டீசல் கழித்த பிறகே பங்கு

கேள்வி: மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து, 58 வயது முடிந்து இரண்டு மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 42 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. மாடிப் போர்ஷன் வாடகை 7,000 ரூபாய், பி.எஃப். ஓய்வூதியம் 5,200 ரூபாய். எனக்கும் மனைவிக்கும் மாதம் 28,000 செலவாகிறது. மகள் திருமணத்தை வரும் தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும்; அதற்குப் பத்து லட்சம் ஒதுக்க எண்ணம். மகன் சோழிங்கநல்லூரில் ஓர் அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்காகவே தருகிறார்கள். ‘தபால் ஆபீசில் போட்டால் பணம் தூங்கும். இது ஏ.ஐ. காலம். 25 லட்சத்தைத் தொழில்நுட்ப ஃபண்டிலும் அமெரிக்கப் பங்கிலும் போடுங்கள்’ என்கிறான். மைத்துனர் ஒருவர், புதிய கம்பெனிகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கிற ஐ.பி.ஓ.வில் ஒதுக்கீட்டை உறுதியாக வாங்கித் தரும் டெலிகிராம் குழு இருப்பதாகச் சொல்கிறார். செய்தியிலோ ஏ.ஐ. பங்குகளின் விலை குமிழியாக ஊதியிருக்கிறது, அது உடையப் போகிறது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். யார் சொல்வதைக் கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தண்டையார்பேட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிப் படிப்போடு நின்றவன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரவு, செலவு, கடமை மூன்றையும் ஒரே பக்கத்தில் இவ்வளவு தெளிவாக எழுதித் தருகிறவர்கள், ஆலோசனைக்காக என்னிடம் வருகிற பட்டதாரிகளிலும் குறைவு. ஆகவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25 லட்சத்தைத் தொழில்நுட்பப் பங்குகளில் போட வேண்டாம். உங்கள் மகன் காலத்தைப் பற்றிச் சொல்வது சரி. அந்தக் காலத்தில் பங்குதாரருக்கு என்ன மிஞ்சும் என்று அவர் போடுகிற கணக்குதான் சரியில்லை. மைத்துனர் காட்டும் குழுவுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். காரணங்கள் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டிய இடமில்லை. பல நாள் கடலில் கிடந்த ஒரு லாஞ்ச் கரைக்கு வருகிறது; விடியற்காலையில் வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாக இறங்குகின்றன; ஏலம் சூடு பிடிக்கிறது; வேடிக்கை பார்க்கிறவர்கள் ‘நல்ல பாடு’, அதாவது நல்ல மீன் வரத்து என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். படகில் போய்வந்தவர் மட்டும் அப்போது வாயைத் திறப்பதில்லை. ஏலம் முடிந்து, நோட்டை விரித்து, டீசல், ஐஸ், அரிசி மளிகை, ஏலக்காரர் கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் படகு முதலாளியும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் பங்கு. வலை நிறைந்து வந்தும் டீசல் கடனுக்கே எல்லாம் போய், பங்கென்று கைக்கு ஒன்றும் வராத நாட்கள் அந்தக் கரையில் எத்தனையோ உண்டு. பங்குச் சந்தை என்ற சொல்லில் இருப்பதும் இதே பங்குதான். இணைய நிறுவனங்களைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வலையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்: எத்தனை கோடிப் பேர் செயலியை இறக்கிக்கொண்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் ஆர்டர் என்று. முதலீடு செய்கிறவர் கேட்க வேண்டியதோ, டீசல் போக என்ன மிஞ்சுகிறது, அது யார் கைக்குப் போகிறது என்பதை.

இதற்குப் பெரிய சான்று யு.பி.ஐ. அதே காசிமேட்டில் நெத்திலியைக் கூறு கட்டி விற்கிற அம்மாவின் பலகையில் க்யூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் உள்ள சிறு பெட்டி ‘நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று அறிவிக்கிறது, அவர் ஈரக் கையைத் துடைக்காமலே தலையை அசைத்துவிட்டு அடுத்தவருக்கு அள்ளத் தொடங்குகிறார். 2016இல் அறிமுகமான இந்த முறையில், 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இணையம் இந்தியாவில் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதை நடத்தும் என்.பி.சி.ஐ., வங்கிகளுக்குச் சொந்தமான, லாப நோக்கமில்லாத நிறுவனம். அதன் பங்கை நீங்கள் சந்தையில் வாங்க முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வருகிற பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதி. ஆகவே மீன் விற்கிற அம்மாவுக்கு நன்மை, வாங்குகிறவருக்கு நன்மை. நடுவில் நிற்கிற செயலி நிறுவனமோ அந்த நூறு ரூபாயில் வியாபாரியிடமிருந்து காலணா எடுக்க முடியாது. பெட்டிக்கு மாத வாடகை வாங்குவது, கடன் பிடித்துத் தருவது, காப்பீடு விற்பது என்று வேறு வழிகளில்தான் அது பிழைக்க வேண்டும். நாடே பயன்படுத்துகிற ஒன்று, நாடே பயன்படுத்துகிற காரணத்தாலேயே இலவசமாக்கப்படலாம். இதை உங்கள் மகன் யோசித்துப் பார்க்க வேண்டும்.

புதிய நிறுவனங்களின் வெளியீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021 நவம்பரில் பேடிஎம் ஒரு பங்கு 2,150 ரூபாய் என்று 18,300 கோடி ரூபாய்க்கு ஐ.பி.ஓ. கொண்டுவந்தது, அதுவரை இந்தியா பார்த்தவற்றில் அதுவே பெரியது. சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் நாளே விலை 27 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2024 ஜனவரி 31 அன்று, அதனோடு இணைந்த பேமெண்ட்ஸ் வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. அந்த ஆண்டிலேயே பங்கு 400 ரூபாய்க்குக் கீழே போனது. 2025இல் ஆயிரத்தைத் தாண்டி ஏறியது என்றாலும், வெளியீட்டு விலைக்கு அது வெகு தொலைவு. விலை விழுந்ததைவிட அந்த 18,300 கோடி எப்படிப் பிரிந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதில் 8,300 கோடிதான் நிறுவனத்துக்கு வந்த புதுப் பணம். மீதி 10,000 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. மாறாக, அதே ஆண்டு ஜூலையில் வந்த சொமாட்டோ வெளியீட்டில் மொத்தம் 9,375 கோடி. அதில் 9,000 கோடி நிறுவனத்துக்கே போனது, பழைய முதலீட்டாளர் விற்றது 375 கோடி மட்டும். இந்தக் கணக்கெல்லாம் வெளியீட்டுக்கு முன்பே விண்ணப்ப ஆவணத்தில் அச்சாகியிருக்கிறது. காசிமேட்டில் நம் வீட்டுப் பெண்கள் விற்கிறவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே, விரலால் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அதற்கு ஆகும் நேரம்கூட இந்த வரியைப் பார்க்க ஆகாது. ஆனாலும் ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கிற பத்துப் பேரில் ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை.

உடனே, அப்படியானால் சொமாட்டோ வாங்கியிருக்கலாமே என்று மகன் கேட்பார். வாங்கியவர்களுக்கு லாபம்தான், 76 ரூபாய்க்கு வெளியான பங்கு 2024 இறுதியில் 300 ரூபாயை எட்டிப் பார்த்தது. நடுவில், 2022 ஜூலையில், அது 40 ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது. வெளியீட்டு விலையில் வாங்கிய 25 லட்சம் அப்போது 14 லட்சத்துக்கும் கீழே காட்டியிருக்கும். அந்த மாதத்தில் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியவர் என்ன செய்திருப்பார்?

சட்டம் மாறுவதும் ஒரு பெரிய அபாயம். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தது. சில நாட்களில் ஒரு தொழிலே நின்றுபோனது. ரம்மியால் சீரழிந்த குடும்பங்களை இந்தப் பகுதியில் பார்த்தவன் என்ற முறையில் அந்தச் சட்டத்தை நான் வரவேற்றேன். அந்தத் தொழிலில் பணம் போட்டிருந்தவர் வரவேற்றிருக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் நான் வெளியே நின்று பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. 1999 கடைசியில், செகண்ட் லைன் பீச்சில் ஒரு தரகர் அலுவலகத்தில் கணக்கெழுதும் பையனாகச் சேர்ந்தேன். மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடமும் அதே தெருவில்தான் இருந்தது; 1937இல் தொடங்கிய அந்தச் சந்தை 2015இல், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் அனுமதியோடு தொழிலை விட்டு விலகியது. நான் சேர்ந்த அந்தச் சில மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கு வந்து திரையைப் பார்த்தபடி நிற்பார். நிறுவனத்தின் பெயரில் ‘இன்ஃபோ’ அல்லது ‘சாஃப்ட்’ இருந்தால் அவருக்குப் போதும். நானும் சும்மா இருக்கவில்லை. அக்கா திருமணத்துக்கென்று அம்மா என் பெயரில் போட்டு வைத்திருந்த 40,000 ரூபாயை எடுத்து ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். 2000 மார்ச் 10 அன்று தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048இல் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. நூறு ரூபாய் இருபத்திரண்டு ரூபாயானது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கு அந்த இருபத்திரண்டையும் காக்கவில்லை. கடைசியில் விற்றபோது கைக்கு வந்தது 1,900 ரூபாய். வாங்கிய நாளில் தரகர் தந்த ரசீதான காண்ட்ராக்ட் நோட்டு இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ சான்றிதழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று இணையத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதில் எதுவும் பொய்யாகிவிடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உலகமே மாறும் என்றார்கள், மாறியது. சென்னை மாறும் என்றார்கள். சந்தை சரிந்துகொண்டிருந்த அதே 2000ஆம் ஆண்டில்தான் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது, அதன் தொடர்ச்சியில்தான் இன்று உங்கள் மகன் சம்பளம் வாங்குகிறார். ஆருடம் பலித்தது, ஆருடத்தை நம்பி உச்ச விலைக்கு வாங்கியவர் நொடித்துப் போனார். நாஸ்டாக் தன் பழைய உச்சத்தை மறுபடி தொட 2015 ஏப்ரல் வரை ஆயிற்று. 43 வயதுக்காரருக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள் ஒரு வருத்தம். 58 வயதுக்காரருக்கு அது 73.

இனி ஏ.ஐ. குமிழி உடையுமா, எப்போது உடையும் என்று சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. தேதி குறித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும். 2025 செப்டம்பரில், கணினிச் சில்லுகளை விற்கும் என்விடியா நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யத் திட்டமிடுவதாக அறிவித்தது; ஓப்பன் ஏ.ஐ. அமைக்கப் போகும் கணினிகளுக்குள் இருக்கப்போவது என்விடியாவின் சில்லுகள். மாவு மில்காரர் இட்லிக் கடைக்காரருக்கு முதல் கொடுக்கிறார், இட்லிக் கடைக்காரர் அவரிடமே மாவு வாங்குகிறார் என்று நம் வழியில் சொல்லலாம். இட்லி விற்கும் வரை இதில் குற்றமொன்றும் இல்லை. மாவு விற்பனை ஏறுவதை மட்டும் பார்த்து, ஊரில் பசி பெருகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. 2025 ஜனவரி 27 அன்று, டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் ஏ.ஐ. மாடல் ஒன்றைச் செய்துவிட்டது என்ற செய்தி பரவியதும், ஒரே நாளில் என்விடியாவின் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலர் அளவுக்குக் கரைந்தது. சில மாதங்களில் திரும்பி வந்து அதைத் தாண்டியும் போனது. இரண்டும் உண்மை.

இந்த மாதிரிக் கட்டுமானத்தை நாம் ஒரு முறை பார்த்திருக்கிறோம். 1990களின் கடைசியில் கடலுக்கு அடியிலும் நிலத்துக்கு அடியிலும் கண்ணாடி இழைக் கேபிள்களைப் போடுவதில் உலகம் பணத்தைக் கொட்டியது; தேவைக்கு மேல் போட்டார்கள்; 2002இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாம் உட்பட வரிசையாக நிறுவனங்கள் திவாலாயின. பல நூறு கோடி டாலர் செலவில் அமைந்த டைக்கோ நிறுவனத்தின் உலகக் கேபிள் வலையை, டாடா வசம் வந்துவிட்டிருந்த தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல்., வெறும் 13 கோடி டாலருக்கு வாங்கியது. இப்படி மலிந்துபோன கேபிளின் மேல்தான் பழைய மாமல்லபுரம் சாலையின் பி.பி.ஓ.க்களும் மென்பொருள் நிறுவனங்களும் வளர்ந்தன. கிணறு வெட்டியவர் கடனில் மூழ்க, தண்ணீர் இறைத்தவர் வேறொருவர். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இன்று எழும்பி நிற்கிற தரவு மையங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வருகிறது: இவற்றால் ஊருக்குப் பயன் கட்டாயம் இருக்கும், வெட்டிக் கடனில் மூழ்கப் போகிறவர் யார், இறைக்கப் போகிறவர் யார் என்பதுதான் தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: மகனுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி கம்பெனிப் பங்காகவே வருகிறது. அப்படியானால் உங்கள் குடும்பம் ஏற்கெனவே தொழில்நுட்பத்தில் முதலீடு செய்துவிட்டது. மகனின் மாதச் சம்பளம், அவருக்குச் சேரும் பங்கு, நாளை அவர் வாங்கக்கூடிய வீட்டுக் கடனின் தவணை எல்லாம் அமெரிக்க மென்பொருள் தொழில் நன்றாக இருப்பதைப் பொறுத்தவை. அந்தத் தொழில் சுணங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். போன்ற பழுத்த நிறுவனமே ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பங்கு விலை விழுகிற காலமும் ஆட்குறைப்புக் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. அப்படி ஒரு நாள் வந்தால், வீட்டில் யாராவது ஒருவருடைய பணம் அந்தக் காற்று படாத இடத்தில் இருக்க வேண்டும். அது உங்களுடையதாக இருக்கட்டும். மகனுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியும் அதுவே.

ஆனால் ‘தபால் ஆபீசில் பணம் தூங்கும்’ என்று அவர் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இன்று உங்கள் மாதச் செலவு 28,000; விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பத்தாம் ஆண்டில் அதே வாழ்க்கைக்கு 50,000 வேண்டும். நிரந்தர வட்டி அதற்கு ஈடு கொடுக்காது. ஆகவே ஒரு பகுதி பங்குகளில் இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை மீதியிலிருந்து கண்டுபிடிப்போம்.

வாடகையும் ஓய்வூதியமும் சேர்ந்து 12,200 வருகிறது. மாதம் 15,800 குறைகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இதை எழுதும் நேரத்தில் வட்டி 8.2 சதவீதம், 24 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 49,200 ரூபாய், அதாவது மாதத்துக்கு 16,400 கிடைக்கும். குறை நிரம்பிவிடுகிறது. திருமணத்துக்கான பத்து லட்சத்தை எதற்காகவும் தொடக் கூடாது. இரண்டு வங்கிகளில் பிரித்து, தை மாதத்துக்கு முன் முதிர்கிற வைப்பாகப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டி உட்பட 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதால், ஒவ்வொன்றிலும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மிச்சத்தைத் தபால் அலுவலகத்தில் வைக்கலாம். வங்கி கவிழ்வது நம் ஊருக்குப் புதிதல்ல. 1906இல் அர்பத்நாட் நிறுவனம் கவிழ்ந்து மதராஸில் சேமித்திருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அந்த அடியில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. மூன்று லட்சம் அவசரத்துக்குச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீடு ஓய்வோடு முடிந்திருக்கும். புதிய பாலிசி எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஐந்து லட்சம் மிஞ்சுகிறது. அதை மாதம் 25,000 வீதம் இருபது மாதங்களில், ஐம்பது பெரிய நிறுவனங்கள் அடங்கிய நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில், முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தில் போடுங்கள். பத்து ஆண்டுகளுக்கு எடுப்பதில்லை என்ற எண்ணத்தோடு. தொழில்நுட்பம் அதற்குள்ளேயே இருக்கிறது: டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் ஆகியவை நெடுநாளாக இருக்கின்றன, சொமாட்டோவும் 2025 மார்ச்சில் சேர்க்கப்பட்டுவிட்டது. எந்த நிறுவனம் நிலைக்கும் என்று நீங்களோ நானோ தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வடசென்னையே போதும். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்துகொண்டிருந்தவர்களையும், புளியந்தோப்புப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த பின்னி மில்லையும் காட்டி, எதில் பணம் போடுவாய் என்று கேட்டிருந்தால் என் தாத்தா யோசிக்காமல் மில்லைக் காட்டியிருப்பார். மில் 1996இல் மூடப்பட்டது. பலூன் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப்.; அதன் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது.

மகன் உங்கள் போனில், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு திறந்து தருவார் என்று நினைக்கிறேன். அந்தச் செயலியில் ‘எஃப் அண்ட் ஓ’ என்று, பின்னாளைய விலையை வைத்துப் பந்தயம் கட்டுகிற ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று 2024இல் செபியே ஆய்ந்து வெளியிட்டது. அமெரிக்கப் பங்குகளை வாங்க விரும்பினால் அவர் தன் பணத்தில் வாங்கட்டும். அவருக்கு 30 ஆண்டுகள் இருக்கின்றன. 2022இல் நாஸ்டாக் 33 சதவீதம் விழுந்து 2023இல் 43 சதவீதம் ஏறியது. லாபம் என்று தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் நூறு ரூபாய் 96 ரூபாயில்தான் நின்றது. இந்த ஒன்றை அவரைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெலிகிராம் குழு விஷயத்துக்கு வருகிறேன். ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கும்போது பணம் உங்கள் வங்கிக் கணக்கை விட்டு வெளியே போவதே இல்லை; அங்கேயே முடக்கி வைக்கப்பட்டு, பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டும் எடுக்கப்படுகிறது. விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் சிறு முதலீட்டாளர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். ஆகவே ‘ஒதுக்கீடு உறுதி, இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று சொல்கிறவர் யாராயிருந்தாலும் மோசடிக்காரர், ஆராய ஒன்றுமில்லை. அவர்கள் கொடுக்கும் செயலியில் லாபம் நாளுக்கு நாள் ஏறுவதுபோல் காட்டும். எடுக்கப் போகும்போதுதான் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் கேட்பார்கள். கடந்த ஆண்டு ராயபுரத்திலிருந்து வந்த ஒருவர் அப்படிக் காட்டிய 31 லட்சத்தை என்னிடம் போனைத் திருப்பிக் காட்டினார்; அவர் கட்டியது ஆறு லட்சம், திரும்பியது ஒன்றுமில்லை. மைத்துனர் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிவிடும். உறவினர் மனம் கோணும் என்று தயங்க வேண்டாம்.

கடைசியாக எழுதினாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொதுவாக 60 வயது நிரம்பியவர்களுக்கு உரியது. 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வுப் பலன் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும்; போடுகிற தொகையும் அந்தப் பலனைத் தாண்டக் கூடாது. தவறினால் நீங்கள் 60 முடியும் வரை காத்திருக்க நேரும். உங்களுக்கு ஐந்து வாரம் கழிந்துவிட்டது. கடிதம் வந்து, இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். எந்தத் தேதியில் ஓய்வு, எந்தத் தேதியில் எவ்வளவு பலன் கொடுக்கப்பட்டது என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். தர இழுத்தடித்தால் மணலிக்கு நேரில் போய் நின்று வாங்குங்கள். ஆதார், பான், இரண்டு புகைப்படம், வங்கிப் பாஸ்புக், 24 லட்சத்துக்குக் காசோலை ஆகியவற்றோடு உங்கள் பகுதித் தபால் அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கணக்கை மனைவியோடு கூட்டாகத் தொடங்கலாம். நியமனதாரர் பெயரையும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.